நனையாத பட்டு

"எனக்கு இன்னும் சோறு வேணும் அத்த."

கேட்டே விட்டாள்.

பாகூரில் விருத்தாம்பாள் வீட்டு அடுப்படியில் ஒரு மருமகள் வாய்விட்டுச் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை. செங்கமலம் தாலி கட்டிக்கொண்டு மடுகரையிலிருந்து வண்டி ஏறினபோது அவளுடைய அம்மா காதோடு சொல்லி அனுப்பியிருந்தாள்: "போட்டதத் தின்னு. போடலன்னா கம்முனு படு. வாயால மட்டும் சோறு கேட்டுடாத. நம்ம வூட்டு மானமே போயிடும்." குத்துவிளக்கு, பித்தளைக் குடம், பட்டுப்பாய் இவற்றோடு கொடுத்தனுப்பிய சீர் இது. குத்துவிளக்கைக் கூட அவள் அத்தனை பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை.

விருத்தாம்பாளின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"இன்னா கேட்ட?"

"பழையது இன்னும் ரெண்டு கை போடுங்க. புள்ளைக்குப் பாலு பத்தல."

"பாலு பத்தலயா? இம்மாம் உடம்ப வெச்சிகினு இருக்கியே, அதுலேர்ந்து வராத பாலு என் பானையிலேர்ந்தா வரப்போவுது?"

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தி முத்துலட்சுமிக்குச் சிரிப்பில் மோர் புரையேறியது. ஏழாம் மாசத்தில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். அவள் வட்டிலில் பழையது குவித்துக் கிடந்தது. மேலே சுட்ட கருவாடு வேறு. "யம்மா, சிரிக்க வெக்காத. வயிறு நோவுது" என்றாள்.

கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் அரங்கநாதன் எச்சிலைத் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"போடேம்மா. கேக்கறா இல்ல? வில்லியனூர் தேருக்குப் பதிலா இவளையே வடம் கட்டி இழுத்துக்கலாம்."

மாமியார் சொன்னது காதோடு போனது. இவன் சொன்னது போகவில்லை. செங்கமலம் வட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். யாரும் பார்க்காவிட்டாலும் முந்தானையை இழுத்து வயிற்றின் மேல் போட்டுக்கொண்டாள். இப்போதெல்லாம் தனியாக இருக்கும்போதுகூட அந்தக் கை தானாகப் போய்விடுகிறது.

தேர்ப் பேச்சு ஏன் வந்தது என்று தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இடையில் வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரங்கநாதனுக்குச் சைகோன் சுங்க ஆபீசில் உத்தியோகம். போன வருஷம் லீவில் வந்தவன், பெண்டாட்டியைக் கர்ப்பிணியாக விட்டுவிட்டுக் கப்பல் ஏறினான். இப்போது அவளையும் கைக்குழந்தை வனஜாவையும் கூட்டிப்போக வந்திருக்கிறான். வரும்போது மாம்பழ நிறப் பட்டில் ஒரு ரவிக்கை தைத்துக் கொண்டுவந்தான். அளவுக்கு அவன் எடுத்துப் போயிருந்தது அவளுடைய கல்யாண ரவிக்கை. அவன் கொண்டுவந்த பட்டு இவள் தோளைத் தாண்டவில்லை. "நான் தாலி கட்டினவ எங்க? இது யாரு?" என்றான், வீட்டுக்கு வந்திருந்த சிநேகிதர்கள் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். செங்கமலமும் சேர்ந்து சிரித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

அன்றைக்கே விருத்தாம்பாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "தேரு வர்றதுக்குள்ள அந்த ரவிக்க ஏறணும். ஏறினா கப்பலு. ஏறலன்னா நீ இங்கியே கெட, அவன் ஒண்டியாப் போவட்டும். சைகோன்ல பொம்பளைங்க ஒல்லி ஒல்லியா இருக்காளுங்களாம்."

அன்றிலிருந்து காலையில் கொள்ளுத் தண்ணீர். வேளைக்கு ஒரே அகப்பைச் சோறு. பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. குடித்தால் வயிறு ஊதிவிடுமாம். அந்த வயிற்றைச் சுற்றிப் பழைய வேட்டியைக் கிழித்து மூச்சு முட்ட ஒரு கட்டு. கட்டும்போது விருத்தாம்பாள் மருமகளின் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொள்வாள், வைக்கோல் பிரி முறுக்குகிற மாதிரி.

போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே இருந்த மசேர், வெள்ளை முக்காடு போட்ட கன்னியாஸ்திரி நர்ஸ், வனஜாவைத் தராசில் போட்டாள். முள்ளைப் பார்த்தாள். பிறகு செங்கமலத்தின் புடவையை விலக்கிக் கட்டைப் பார்த்தாள்.

"யாரும்மா உன்ன மூட்ட கட்டினது?"

செங்கமலம் புடவையை இழுத்துக் கட்டை மூடினாள்.

"உடம்பு எறங்கணும்னா எறங்கட்டும். யாரு வேணாம்னது? ஆனா மெள்ள எறங்கட்டும். பசிச்சா சாப்புடு. தாகம் எடுத்தா தண்ணி குடி. பலகாரம், வெல்லம், எண்ணெய் இதக் கொறச்சுக்க. சோத்த மட்டும் கொறைக்காத. கீர தின்னு, பருப்பு தின்னு, மீனு தின்னு. காலாற நட. புள்ள குடிக்கக் குடிக்கத் தன்னால எறங்கும். நீ அவசரப்பட்டேன்னு வெய்யி, உனக்கு முன்னால அது எறங்கிடும்."

அதைக் கேட்ட பிறகுதான் இன்று காலை வாய் திறந்தாள். மசேரிடம் அவள் சொல்லாமல் வந்த விஷயம் ஒன்று இருக்கிறது.

---

வெயில் ஏறியதும் விருத்தாம்பாள் கரும்புக் கொல்லைக்கு ஆட்களைப் பார்க்கப் போனாள். அரங்கநாதன் கடைத்தெருவுக்கு. முத்துலட்சுமி உண்ட மயக்கத்தில் உள்ளே படுத்திருந்தாள்.

"மீனோ மீனு!"

தோட்டத்துப் படலைத் தள்ளிக்கொண்டு வேலம்மாள் வந்தாள். மூர்த்திக்குப்பத்திலிருந்து தினமும் கூடை சுமந்து வருகிறவள். அவளுக்கும் கைக்குழந்தை, அதை வீட்டுக் கிழவியிடம் விட்டுவிட்டு வருவாள்.

"சின்னம்மா, பால்சுறா கொண்டாந்துருக்கேன். உங்களுக்குன்னே எடுத்து வெச்சது. புட்டு செஞ்சி துன்னுங்க, பாலு பீச்சி அடிக்கும்."

"அத்த இல்ல வேலம்மா."

"அத்தைக்கா பாலு ஊறணும்?"

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் தூளியில் வனஜா முனகினாள். வேலம்மாள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இன்னா சின்னம்மா இது? புள்ள அழுவுதா, கெஞ்சுதா?"

செங்கமலம் குழந்தையை எடுத்து மார்பில் போட்டாள். வனஜா இரண்டு இழுப்பு இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையைத் திருப்பினாள். அந்தப் பிஞ்சு முகத்தில் தெரிந்தது கோபம்கூட இல்லை, சலிப்பு.

வேலம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். கிணற்றடியில் கையை அலம்பிக்கொண்டு வந்தாள். "கொடுங்க இப்படி. எனக்கும் பொழுது ஏற ஏற மாரு கட்டிகினு உயிரு போவுது."

கொடுக்கக் கூடாது என்று செங்கமலத்துக்குத் தெரியும். இந்த வீட்டுக் குழந்தையை மீன்காரி தொட்டுத் தூக்கினாலே பேச்சு. அவள் கைகள் நீட்டிக் கொடுத்துவிட்டன.

மடக். மடக். மடக்.

வனஜா விழுங்குகிற சத்தம். கொய்யா மரத்தடி முழுவதும் கேட்டது. பிறந்த புதிதில் கேட்ட சத்தம் அது. எப்போது நின்றது என்று யோசித்தாள், தெரியவில்லை. கவனிக்கக்கூட இல்லை. ரவிக்கைக் கொக்கி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று மட்டும் தினம் தவறாமல் பார்த்திருக்கிறாள்.

"நீயும்தான் புள்ள பெத்த. உனக்கு மட்டும் எப்படி வேலம்மா வயிறு ஒட்டிகினு இருக்குது?"

"எனக்கா? மூணு வேளயும் மூக்கு முட்டத் துன்றேன். கூடயத் தூக்கிகினு குப்பத்துலேர்ந்து இங்க வந்து, தெருத் தெருவாக் கத்திட்டு, திரும்பி நடந்தா எங்க நிக்கும் கொழுப்பு? உங்கள மாதிரி வூட்டுல குந்த வெச்சா நானும் பூசணிக்காதான். உங்களுக்கு இன்னா போடறாங்க?"

"வேளைக்கு ஒரு அகப்பை."

"பாலு குடுக்கறவளுக்கா! பெரியம்மா மனசு கல்லு."

செங்கமலம் கழுநீர்த் தொட்டியைப் பார்த்தாள். மாமியார் மனசைக் கல் என்று சொல்லக் கேட்பது சுகமாக இருந்தது. அப்படியே விட்டுவிடலாம். ஊரும் நம்பும்.

"அந்த ஒரு அகப்பையிலயும் பாதிய நான் அந்தத் தொட்டில கொட்டினேன்" என்றாள்.

"யாரு கொட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

வேலம்மாள் தொட்டியைப் பார்த்தாள். அதனருகே அசை போட்டுக்கொண்டிருந்த பசுவையும் பார்த்தாள்.

"அதான் உங்க மாடு பளபளன்னு கீது."

செங்கமலம் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேலம்மாள் மற்றப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டு, குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அடிப் பாவி!"

படலருகில் விருத்தாம்பாள். வந்த வேகத்தில் குழந்தையைப் பிடுங்கினாள். வனஜாவின் கடைவாயில் பால் வழிந்தது.

"மீன்காரி பாலா? என் புள்ள பெத்த பொண்ணுக்கா? தூ! யாரு வூட்டு ரத்தத்துல இன்னாத்தக் கலக்கற?" முந்தானையால் குழந்தையின் உதட்டைத் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் உதடு சிவந்துவிட்டது.

வேலம்மாள் மெதுவாக எழுந்தாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"நல்லாத் தொடைங்க பெரியம்மா. உள்ள போனத எப்படித் தொடைப்பீங்க?" படலைத் தாண்டினவள் திரும்பிப் பார்த்தாள். "சின்னம்மா, சாயந்தரம் வூட்டுலதான் இருப்பேன். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி."

---

வனஜா தூங்கினாள். கையைக் காலை விரித்துப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து, ஒரு பண்ணையாரைப் போலத் தூங்கினாள். அப்படித் தூங்கி நாளாயிற்று.

விருத்தாம்பாள் மருமகளை அடிக்கவில்லை. திட்டித் திட்டி ஓய்ந்தபின் அவளருகே வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"எல்லாம் உனக்காவத்தாண்டி. முத்துலட்சுமியப் பெத்த பொறவு எனக்கு வயிறு சரிஞ்சி போச்சி. அந்த வருஷமே உங்க மாமனாரு அரியாங்குப்பத்துல ஒருத்திய வெச்சாரு. சாவற வரைக்கும் ராத்திரிச் சோறு அங்கதான். அன்னிக்கு எனக்கு யாரும் வயித்தக் கட்டி வுடல. உனக்கு நான் கட்டி வுடறேன். இன்னும் கொஞ்ச நாளு பல்லக் கடிச்சிக்க."

இதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் செங்கமலத்தை அடித்துப் போட்டது. வாழ்நாள் முழுவதும் தன் வயிற்றைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள் இந்த மனுஷி. அரியாங்குப்பத்துக்கு நடந்த கால்களைக் குற்றம் சொல்ல அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அரங்கநாதன் கடைத்தெருவிலிருந்து திரும்பினான். செய்தி அவனுக்கு முன்பே போயிருந்தது.

"என் சிநேகிதன் தங்கவேலு கேக்கறான், 'இன்னாப்பா, உன் பொண்ணு இனிமே வல வீசுமா'ன்னு. தலைய எங்க வெச்சிக்கறது நான்?"

"புள்ளைக்குப் பசிங்க."

"பசின்னா எங்கிட்ட சொல்லணும். புதுச்சேரில டப்பாப் பாலு விக்குது. கப்பல்ல தொரைங்க புள்ளைங்க எல்லாம் அதான் குடிக்குது. நாளைக்கே வாங்கியாறேன். நீ உன் உடம்ப மட்டும் பாத்துக்க." அருகில் வந்தான். கோபம் போய்விட்டிருந்தது. அவன் கெட்டவன் இல்லை. தன் வேடிக்கைப் பேச்சு யார் மேல் விழுகிறது என்று திரும்பிப் பார்க்காதவன். "முகமெல்லாம் எளச்சிருக்கே. அந்த ரவிக்கயப் போட்டுப் பாரேன்."

உள்ளறையில் அவள் பெட்டியைத் திறந்தாள். மாம்பழ நிறப் பட்டு. வலது கை நுழைந்தது. இடது கை நுழைந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தாள். முதல் கொக்கி மாட்டிற்று. அடுத்தது. அடுத்தது. கடைசிக் கொக்கியும் மாட்டிற்று.

வெளியே வந்தாள்.

அரங்கநாதன் பேச்சை நிறுத்தினான். அந்தப் பார்வை, பெண் பார்க்க வந்தபோது மடுகரை வீட்டில் பார்த்த பார்வை, மறுபடி அவன் முகத்தில் வந்து உட்கார்ந்தது. "இதான் என் செங்கமலம்" என்றான். விருத்தாம்பாள் இரண்டு கைகளாலும் மருமகளின் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

செங்கமலத்துக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும். காலையில் கொய்யா மரத்தடியில் செத்துப்போகலாம் என்று இருந்தவளுக்கு, ஒரு ஆண்பிள்ளை ஒரு தடவை பார்த்ததும் உயிர் வந்துவிட்டது. கப்பல் தெரிந்தது. டப்பாப் பால் போதும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

உள்ளே வனஜா விழித்துக்கொண்டாள். அழுதாள். காலையில் வயிறு நிறைந்த தெம்பு. முனகல் இல்லை, வீடு அதிர ஒரு அழுகை.

செங்கமலம் நின்ற இடத்திலேயே நின்றாள். குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டாள்.

பிறந்த புதிதில், குழந்தை அழ ஆரம்பித்த மாத்திரத்தில் மார்பு குறுகுறுக்கும், ரவிக்கை நனைந்துவிடும். தெருவில் யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் நனையும். அரங்கநாதன் கப்பலிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கும் நனைந்துதான் இருந்தது. அவன் மூக்கைச் சுளித்தான். "இன்னா இது, ஊறிக் கெடக்குது?" அவள் வெட்கப்பட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள். அன்று எதற்கு வெட்கப்பட்டாளோ அதற்காக இப்போது காத்துக்கொண்டு நின்றாள்.

வனஜா அழுதாள். மார்பு குறுகுறுக்கவில்லை. பட்டு காய்ந்து, மொடமொடவென்று, பளபளத்துக்கொண்டு இருந்தது. ரவிக்கை ஏன் ஏறிற்று என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வயிறு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. வற்றிப்போனது வேறு.

"நல்லவேள, பட்டுல கற படல" என்றான் அரங்கநாதன்.

அவள் உள்ளறைக்குப் போனாள். கொக்கிகளைக் கழற்றினாள். ரவிக்கையை மடித்துப் பெட்டி மேல் வைத்தாள். பிறகு வயிற்றுக் கட்டின் முடிச்சைத் தேடினாள். விருத்தாம்பாளின் முடிச்சு, நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து இழுக்க எட்டவில்லை. மூலையில் கிடந்த கத்தியை எடுத்து அறுத்தாள். வேட்டித் துணி காலடியில் சுருண்டு விழுந்தது. வயிற்றில் வரி வரியாகச் சிவந்த தடம். ரொம்ப நாளைக்குப் பிறகு அடிவயிறு வரைக்கும் மூச்சு போயிற்று, தலை சுற்றிற்று.

பழைய தொளதொள ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். தண்ணீர்ப் பானையில் செம்பை முக்கினாள்.

"பொழுது சாய்ஞ்சிடுச்சிடி! தண்ணி குடிக்காத" என்றாள் விருத்தாம்பாள்.

குடித்தாள். மறுபடி முக்கிக் குடித்தாள். கழுத்தில் வழிந்து புடவை நனைந்தது. பிறகு சோற்றுப்பானையின் மூடியைத் திறந்து, யாரையும் கேட்காமல், வட்டில் நிறையப் போட்டுக்கொண்டாள். நின்றபடியே தின்றாள். அள்ளி அள்ளித் தின்றாள். அழகாகத் தின்னவில்லை.

முத்துலட்சுமி எழுந்து வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். காலையில் சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியை அண்ணியின் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் கண் திறந்த கதவு வழியாக உள்ளறைத் தரையில் கிடந்த வேட்டித் துணியிலேயே இருந்தது. தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"யம்மா" என்றாள். "எனக்கும் இப்படித்தான் கட்டுவியா?"

விருத்தாம்பாள் திறந்து கிடந்த சோற்றுப்பானையை மூடினாள்.

செங்கமலம் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அரங்கநாதன் குறுக்கே நின்றான்.

"எங்க போற? மடுகரைக்கா? இரு, வண்டி கட்டச் சொல்றேன். அம்மா வூட்டுல ரெண்டு நாளு இருந்துட்டு வா. தேருக்குள்ள வந்துடு, இன்னா?"

"வண்டி வேணாங்க."

"நடந்தா போவப் போற?"

"மசேர் நடக்கத்தான் சொன்னாங்க."

படி இறங்கினாள். வயிறு கட்டில்லாமல் தளர்ந்து, நடைக்கு நடை அசைந்தது. எதிர்வீட்டுக் கலியம்மாள் முறத்தைப் பிடித்த கையோடு நின்று பார்த்தாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். செங்கமலத்துக்கு முகம் பற்றி எரிந்தது. வெட்கம் போய்விட்டது என்று யார் சொன்னது? அதுவும் அவளோடு படி இறங்கி வந்தது. முந்தானையை இழுத்து வயிற்றை மூடக் கை போயிற்று. அந்தக் கையில் குழந்தை இருந்தது. மூடவில்லை.

அரங்கநாதன் வாசற்படியிலேயே நின்றான். எப்போது எடுத்தானோ, அவன் கையில் அந்த மாம்பழ நிற ரவிக்கை இருந்தது. தெருமுனையில் மேற்கே திரும்புவாள், அது மடுகரை வழி, அம்மா நாலு அடி அடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா அனுப்பித்தான் வைப்பாள். அது செங்கமலத்துக்கும் தெரியும். தவிர, மடுகரையில் பால் இல்லை. தன்னுடையது மறுபடி ஊறுகிற வரைக்கும் வனஜாவுக்கு அது எங்கே இருக்கிறது என்று மட்டும் அவள் யோசித்திருந்தாள். யோசித்து முடித்தும் இருந்தாள், அந்தச் செம்புத் தண்ணீரைக் குடிக்கும்போதே.

தெருமுனைக்கு வந்தாள். மூர்த்திக்குப்பம் இருக்கும் கிழக்குப் பக்கம் திரும்பினாள்.